ரம்பம் எங்கே சுடுகிறது? வாசகர் கேள்வி – பதில்

தோட்டத்துச் சாளைக்குப் பின்னால் துருப்பிடித்துக் கிடக்கும் பழைய வட்ட ரம்ப மில்லைத் தூசி தட்டி டிராக்டரில் ஓட்டலாமா என்று கேட்டு இந்த முறை நிறையக் கடிதங்கள் வந்துவிட்டன. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துப் பதில் தருகிறோம்.

காங்கேயம் வாசகர்: அப்பாரு காலத்து மில்லுங்க. 36 அங்குல ரம்பம், 50 எம்.எம். சாஃப்ட், தண்டவாளத்தில் ஓடும் டிராலி எல்லாம் அப்படியே இருக்குது. இருபது வருசமா ஓட்டலை. எங்கிருந்து ஆரம்பிக்கிறது?

ரம்பத்திலிருந்து ஆரம்பியுங்கள். அது தேறாது என்றால் மற்றதற்குச் செலவு செய்வதற்கு முன் யோசிக்க வேண்டியிருக்கும்.

கழற்றி, நடு ஓட்டையில் ஒரு மரக் கம்பைக் கொடுத்துத் தொங்கவிடுங்கள். சுத்தியின் மரப்பிடியால் விளிம்பருகே தட்டினால் கோவில் மணி போல இழுத்து ஒலிக்க வேண்டும். 'டொக்' என்று செத்த சத்தம் வந்தால் எங்கோ விரிசல். சத்தம் நன்றாக இருந்தாலும் நம்பிவிட வேண்டாம். பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில் உள்ள குழிவின் அடி முழுக்க மண்ணெண்ணெய் தடவி, பத்து நிமிடம் விட்டு, சுத்தமாகத் துடைத்துவிட்டுச் சாக்பீஸ் தூளைத் தூவுங்கள். விரிசல் இருக்கும் இடத்தில் உள்ளே போன மண்ணெண்ணெய் திரும்பக் கசிந்து தூளில் மயிரிழை போலக் கோடு போடும். விரிசலின் முனையில் 3 எம்.எம். ஓட்டை போட்டால் மேலே ஓடாது என்று சிலர் சொல்வார்கள். நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றுச் சுற்றும் மூன்றடித் தகட்டில் அந்த வைத்தியம் வேண்டாம். பழைய இரும்புக்குப் போட்டுவிடுங்கள்.

துருவை எடுக்க, தட்டையான மரக்கட்டையில் எமரித் தாளைச் சுற்றி, மண்ணெண்ணெய் விட்டுத் தேயுங்கள். ஆங்கிள் கிரைண்டரை ரம்பத்தின் பக்கமே கொண்டு போகாதீர்கள். ஓரிடத்தில் சூடேறி நீலம் பாய்ந்தால் தகட்டின் இழுவை அங்கே போய்விடும். இந்த 'இழுவை' என்ன என்று தெரிந்துகொண்டால் பாதி மில் புரிந்த மாதிரி. வட்ட ரம்பத்தை வெறும் தட்டையாக விடுவதில்லை. நடுப்பகுதியைச் சுத்தியால் அடித்துச் சற்றே தளர்த்தி வைத்திருப்பார்கள். சுற்றும்போது விளிம்பு வெளியே இழுபடும். அப்போது அந்தத் தளர்வு சரியாகி, தகடு பலகை மாதிரி நிமிர்ந்து நிற்கும். எந்த வேகத்துக்கு அடித்தார்களோ அந்த வேகத்தில்தான் நிமிரும். அதனால் ரம்பம் தட்டித் தருபவரிடம் கொடுக்கும்போது, எத்தனை ஆர்.பி.எம்.மில் ஓட்டப் போகிறீர்கள் என்பதைச் சொல்லியே கொடுங்கள். கேட்காமலே வாங்கி வைத்துக்கொள்கிறவரிடம் கொடுக்க வேண்டாம்.

அடுத்தது சாஃப்ட், காலர் (ரம்பத்தை இரு பக்கமும் கவ்விப் பிடிக்கும் வட்டத் தகடு). காலரின் முகம் முழுவதும் ரம்பத்தில் படியக் கூடாது. வெளி விளிம்பில் அரை முதல் முக்கால் அங்குலம் மட்டும் கடிக்க வேண்டும், உள்பக்கம் சற்றுக் குழிந்திருக்க வேண்டும். நாலு பக்கமும் காகிதத் துண்டு வைத்து நட்டை முறுக்கிப் பாருங்கள். நாலும் ஒரே இறுக்கமாக இருக்க வேண்டும். டயல் கேஜ் இருந்தால் காலர் முகத்தில் வைத்துச் சாஃப்டைக் கையால் சுற்றுங்கள். 0.03 எம்.எம்.முக்கு மேல் ஆட்டம் இருந்தால் லேத்தில் முகம் தட்ட வேண்டியதுதான். 6 அங்குலக் காலரில் 0.05 எம்.எம். பிசகினால், 36 அங்குல விளிம்பில் அது ஆறு மடங்காகி 0.3 எம்.எம். ஆகிவிடும்.

பழைய மில் என்றால் ஒயிட் மெட்டல் (உருக்கி ஊற்றும் மெது உலோகக் கலவை) ஊற்றிய பேரிங்காக இருக்கலாம். தேய்ந்திருந்தால் திரும்ப ஊற்றலாம், ஆனால் ஊற்றத் தெரிந்த கை குறைந்துவிட்டது. 50 எம்.எம். சாஃப்டுக்கு யு.சி.பி. 210 பேரிங் மலிவு, எங்கும் கிடைக்கும். தினமும் ஓட்டுவதாக இருந்தால் எஸ்.என். 511 பெட்டியில் 22211 கே ரோலர் பேரிங் போடுவது எங்கள் தேர்வு. ரம்பத்துக்குப் பக்கத்துப் பேரிங்கை நகராமல் பூட்டுங்கள். புல்லிப் பக்கத்துப் பேரிங்குக்குச் சிறிது நகர இடம் விடுங்கள். சாஃப்ட் சூடேறி நீளும்போது ரம்பம் இடம் மாறாமல் இருக்க இதுதான் வழி. பெட்டியில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை கிரீஸ் போதும். நிறைய அடைத்தால் அதுவே சூடாக்கும்.

தண்டவாளத்தை மட்டக்குழாயால் மட்டம் பாருங்கள். முழு நீளத்துக்கும் நூல் கட்டி நேர் பாருங்கள். டிராலிச் சக்கரத்தில் பக்கவாட்டு ஆட்டம் இருந்தால் பலகை ஒரு முனையில் தடித்தும் மறு முனையில் மெலிந்தும் வரும். அப்போது ரம்பத்தைத் திட்டிப் பயனில்லை.

தாராபுரம் வாசகர்: 35 ஹெச்.பி. டிராக்டர்ங்க. பி.டி.ஓ.வில் (பின்னால் கருவி ஓட்டச் சுற்றும் தண்டு) 540 சுற்று. 36 அங்குல ரம்பத்துக்கு எந்த அளவு புல்லி போடணும்?

ரம்பத்தின் விளிம்பு நிமிடத்துக்கு 9,000 முதல் 10,000 அடி ஓட வேண்டும் என்பது கணக்கு. 36 அங்குல ரம்பத்தின் சுற்றளவு 9.42 அடி. வகுத்தால் 955 முதல் 1,060 சுற்று. இதே கணக்கில் 30 அங்குலத்துக்கு 1,150 முதல் 1,270; 48 அங்குலத்துக்கு 715 முதல் 795. ரம்பத்தில் வேகம் பொறித்திருந்தால் அதுதான் உச்சவரம்பு, எங்கள் கணக்கு இல்லை.

ஓட்டும் புல்லி 20 அங்குலம், ரம்பச் சாஃப்டில் 11 அங்குலம் போட்டால் 540 × 20 ÷ 11 = 982. பெல்ட் வழுக்கல் போக 955 பக்கம் நிற்கும். 36 அங்குலத்துக்குப் போதும்.

புல்லியை நேராகப் பி.டி.ஓ.வில் மாட்டுவதைவிட, கார்டன் சாஃப்ட் (இரு முனையிலும் வளையும் மூட்டு வைத்த தண்டு) மூலம் தரையில் போல்ட் போட்ட ஒரு இடைச் சாஃப்டை ஓட்டி, அதிலிருந்து பெல்ட் எடுப்பது நல்லது. பெல்ட்டின் இழுப்பை டிராக்டரின் பி.டி.ஓ. பேரிங் தாங்க வேண்டியதில்லை. கார்டன் சாஃப்டின் இரண்டு முனைக் கவைகளும் ஒரே வாக்கில் இருக்க வேண்டும், வளைவு 15 டிகிரியைத் தாண்டக் கூடாது. தட்டை பெல்ட் என்றால் 6 அங்குல அகலம், நாலு மடிப்பு கான்வாஸ் ரப்பர். இரண்டு சாஃப்டுக்கும் நடுவே 15 முதல் 20 அடி விடுங்கள். வி பெல்ட்டுக்கு இடம் குறைவு, 'சி' அளவில் நாலு போதும். ஆனால் ஆணியில் ரம்பம் மாட்டினால் தட்டை பெல்ட் வழுக்கியோ கழன்றோ விட்டுக்கொடுக்கும், வி பெல்ட் விடாது. அந்த ஒரு காரணத்துக்காக இன்னும் தட்டை பெல்ட்டையே விரும்புகிறவர்கள் உண்டு, நாங்களும் அந்தக் கட்சிதான்.

சுற்றும் திசையை மறந்துவிடாதீர்கள். மரம் வரும் பக்கத்தில் பல் மேலிருந்து கீழாக வெட்ட வேண்டும். டிராக்டரின் பின்னால் நின்று பார்த்தால் பி.டி.ஓ. கடிகாரச் சுற்றில் சுற்றும். திசை மாறி வந்தால் தட்டை பெல்ட்டைக் குறுக்கே மாற்றிப் போடலாம், அல்லது டிராக்டரை மறுபக்கம் நிறுத்தலாம். எது செய்தாலும் ரம்ப நட்டின் மரையைப் பாருங்கள்: நட்டைக் கழற்றும் திசையும் ரம்பம் சுற்றும் திசையும் ஒன்றாக இருக்க வேண்டும். அப்போதுதான் கிளம்பும் வேகத்தில் நட்டு தானாக இறுகும். எதிராக இருந்தால் ஒவ்வொரு முறை கிளப்பும்போதும் கொஞ்சம் கொஞ்சமாக நெகிழ்ந்துகொண்டே போகும்.

35 ஹெச்.பி. என்ஜினில் பி.டி.ஓ.வுக்கு வருவது ஏறத்தாழ 30. வேம்பு, வாகை மாதிரி மரத்தில் 8 முதல் 10 அங்குல ஆழம் வரை சங்கடமில்லாமல் போகும். 6 அங்குலக் காலரும் டிராலித் தளத்துக்கு விடும் இடமும் போக இந்த ரம்பம் 13 அங்குலம் வரை எட்டும் என்றாலும், புளியில் அவ்வளவு ஆழம் வைத்தால் என்ஜின் திணறும். லேசர் டாக்கோமீட்டர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அறுக்கும்போது சுற்று பத்தில் ஒரு பங்குக்கு மேல் இறங்கினால் தள்ளும் வேகத்தைக் குறையுங்கள்.

கோபிசெட்டிபாளையம் வாசகர்: நாலடி போறதுக்குள்ள ரம்பம் சூடாகி, வெட்டு பாம்பு மாதிரி நெளியுதுங்க. பல்லெல்லாம் புதுசா அரம் போட்டாச்சு. ரம்பத்தையே மாத்தணுமா?

மாற்றுவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். நெளிய ஆரம்பித்ததும் டிராலியைப் பின்னுக்கு இழுத்து, என்ஜினை நிறுத்தி, ரம்பம் முழுசாக நின்ற பிறகு (பளுவான தகடு, நிற்க நேரமாகும்) காலருக்குப் பக்கத்தில் ஒரு கை, பல்லுக்கு நாலு விரல் கீழே ஒரு கை வைத்துப் பாருங்கள். எது சூடு என்பதில்தான் விடை இருக்கிறது.

நடு சூடாக இருந்தால் நடுப்பகுதி விரிந்து தகடு தட்டு மாதிரிக் குழியும். காரணம் பெரும்பாலும் மூன்று. பேரிங் சூடு சாஃப்ட் வழியே ஏறியிருக்கலாம்: பேரிங் பெட்டியில் கை வைத்து மூன்று எண்ணும் வரை தாங்க முடியவில்லை என்றால் அதுதான். காலருக்கும் ரம்பத்துக்கும் நடுவே மரத்தூள் அடைத்திருக்கலாம். இல்லையென்றால், அறுத்த மரத்தின் முகம் ரம்பத்தின் நடுவில் உரசிக்கொண்டே போகிறது.

விளிம்பு சூடாக இருந்தால் விளிம்பு நீண்டுவிடும், நிற்க இடமில்லாமல் அலையும். உங்கள் பாம்பு வெட்டு இந்த ரகமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். காரணங்கள்: மொண்ணைப் பல், பல்லுக்குச் செட்டு (பல்லை இடம் வலமாக வளைக்கும் அளவு) போதாமை, ரம்பத்தின் இருபுறமும் நிற்கும் வழிகாட்டி முளைகள் அதை அழுத்துவது, அல்லது மரமே வெட்டு வாயை மூடிக்கொள்வது. தைலமரத்தில் இந்தக் கடைசிச் சிக்கல் அதிகம். உள்ளே பிடித்து வைத்த இழுப்பு அறுத்ததும் விடுபட்டுப் பலகை வளைந்து வாயை நெருக்கும். ஒரே பக்கத்தில் தொடர்ந்து பலகை எடுக்காமல், கட்டையைத் திருப்பித் திருப்பி இரு பக்கமும் மாற்றி எடுங்கள்.

இரண்டு வகைச் சூட்டுக்கும் பொதுவான மருந்து ஒன்று உண்டு: சாய்வு. ரம்பம் டிராலியின் ஓட்டத்துக்கு அச்சாக இணையாக இருக்கக் கூடாது. முன் விளிம்பு மரத்தின் பக்கம் மயிரிழை சாய்ந்திருக்க வேண்டும். பழைய ஆட்கள் கணக்கு இருபது அடிக்கு ஒரு நூல் (அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு). மூன்றடி ரம்பத்துக்கு அது அரை எம்.எம். கூட இராது. பார்க்கும் விதம் இது: டிராலியில் ஒரு போல்ட்டை அசையாமல் கட்டி, அதன் நுனி ரம்பத்தின் முன் விளிம்பில் பல்லுக்குச் சற்றுக் கீழே படும்படி வையுங்கள். பட்ட இடத்தில் சாக்பீஸ் குறி. டிராலியைத் தள்ளிப் பின் விளிம்புக்குக் கொண்டு போய், ரம்பத்தைக் கையால் சுற்றி அதே குறியைப் போல்ட்டுக்கு நேரே கொண்டு வாருங்கள். இப்போது ஃபீலர் கேஜில் (சந்தை அளக்கும் மெல்லிய தகடுகள்) ஏறத்தாழ அரை எம்.எம். சந்து தெரிய வேண்டும். குறியைச் சுற்றிக் கொண்டுவருவது ஏன் என்றால், ரம்பத்தில் கொஞ்சம் நெளிவு இருந்தாலும் அது கணக்கில் வராமல் போகும்.

நடு சூடானால் சாய்வைச் சற்றுக் கூட்டுங்கள், விளிம்பு சூடானால் குறையுங்கள். புல்லிப் பக்கத்துப் பேரிங்கின் போல்ட்டைத் தளர்த்தி, பெட்டியை முன்னே பின்னே அரை எம்.எம். நகர்த்தினால் போதும். வழிகாட்டி முளையை முறுக்கி ரம்பத்தை ஒரு பக்கம் நெருக்கிச் சாய்வு வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். பத்து நிமிடம் நேராக அறுக்கும், பதினோராவது நிமிடம் விளிம்பு பழுக்கும். முளை ரம்பத்தைத் தொடக் கூடாது. இருபுறமும் ஒரு தபால் கார்டு கனம் சந்து விட்டு, ரம்பம் தடுமாறும்போது மட்டும் தாங்கும்படி வையுங்கள்.

நீங்கள் அரம் போட்டதில் ஒரு சந்தேகம் எங்களுக்கு. ஒரே பக்கம் நின்று எல்லாப் பல்லையும் அரவினால் ஒரு பக்கத்து மூலை கூர்மையாகவும் மறுபக்கம் மழுங்கலாகவும் நிற்கும். ரம்பம் கூர்மையான பக்கமாகவே போகும். எப்போதும் ஒரே திசையில் விலகுகிறது என்றால் முதலில் இதைப் பாருங்கள்.

அந்தியூர் வாசகர்: பல்லுக்குச் சரிவு எவ்வளவு, செட்டு எவ்வளவு?

கோணமானி தேவையில்லை. ரம்பத்தின் நடுவிலிருந்து விளிம்பு வரை 18 அங்குலம். நடுவை மையமாக வைத்து அதில் கால் பங்கு, அதாவது 4½ அங்குல ஆரத்தில் ஒரு வட்டம் போடுங்கள். பல்லின் முன் முகத்தோடு ஒரு நேர்கம்பியை வைத்தால் அந்த வட்டத்தைத் தொட்டுக்கொண்டு போக வேண்டும். இது ஏறத்தாழ 15 டிகிரி; காய்ந்த புளி, வெள்வேலுக்குச் சரி. பச்சை மரம், மெது மரத்துக்கு வட்டத்தை 6 அங்குல ஆரமாக்குங்கள், 20 டிகிரிக்குப் பக்கம் வரும்.

செட்டு என்பது பல்லை ஒன்று விட்டு ஒன்று இடம் வலமாக வளைப்பது. காய்ந்த கடினமரத்துக்குப் பக்கத்துக்கு 0.5 எம்.எம்., பச்சை மரத்துக்கு 0.7 எம்.எம். பல்லின் மேல் மூன்றில் ஒரு பங்கை மட்டும் வளையுங்கள். அடியில் வளைத்தால் விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். கண் அளவில் வைக்காமல் செட்டு கேஜ் வைத்துப் பாருங்கள்; ஒரு பல் மட்டும் வெளியே நின்றால் பலகை முழுக்க அதன் கோடு விழும்.

அரம் போடும் முன் எல்லாப் பல்லும் ஒரே உயரமா என்று பாருங்கள். எமரிக் கல்லை அசையாமல் கட்டி, ரம்பத்தைக் கையால் பின்பக்கமாகச் சுற்றி லேசாகத் தொடவிட்டால் உயர்ந்த பல்லின் நுனியில் வெள்ளைப் பளபளப்பு தெரியும். அந்தப் பளபளப்பு மறையும் வரைதான் அரம், அதற்கு மேல் ஒரு இழுப்பும் வேண்டாம். என்ஜின் ஓட்டிக் கல் பிடிப்பது தற்கொலைக்குச் சமம். குழிவு எப்போதும் வட்டமாக இருக்கட்டும், முக்கோண அரத்தால் கூர்மூலை விழவிடாதீர்கள். கிரைண்டரில் பிடித்து நுனி நீலமானால் அந்தப் பல் அடுத்த கணுவில் உடையும்.

எப்போது அரம் போடுவது என்று நேரக் கணக்குச் சொல்ல முடியாது. தூளை அள்ளிப் பாருங்கள். சிராய் சிராயாக வந்தால் பல் வெட்டுகிறது. கோதுமை மாவு மாதிரி வந்தால் தேய்க்கிறது. செம்மண்ணில் இழுத்து வந்த கட்டையின் பட்டையில் இருக்கும் மணல் அரை மணியில் பல்லைத் தின்றுவிடும், வெட்டும் கோட்டில் பட்டையைக் கொத்திவிட்டு ஏற்றுங்கள்.

பொள்ளாச்சி வாசகர்: காய்ப்பு நின்ற தென்னையை அறுத்து ரீப்பர் போடலாம்னு இருக்கேனுங்க. ரெண்டு மரம் அறுக்கிறதுக்குள்ள பல்லு போயிருது.

தென்னைக்கு மற்ற மரம் போல வைரம் நடுவில் இல்லை, வெளியே இருக்கிறது. பட்டைக்கு உள்ளே இருக்கும் வளையம் கன மீட்டருக்கு 600 கிலோவுக்கு மேல் கனக்கும், நடு 400-க்கும் கீழே பஞ்சு. போதாததற்கு மணல் சத்தான சிலிக்கா வேறு. சாதா எஃகுப் பல் நிற்காது. தொடர்ந்து தென்னையே அறுப்பதாக இருந்தால் ஸ்டெல்லைட் அல்லது கார்பைடு (இரண்டுமே எஃகைவிடத் தேய்மானம் தாங்குபவை) நுனி வைத்த ரம்பம் ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். கார்பைடு ஆணியில் பட்டால் சில்லுச் சில்லாகத் தெறிக்கும் என்பதால் எலிக்கு அடித்த தகட்டின் ஆணி, துணிக்கொடிக் கொக்கி, வேலிக் கம்பி எல்லாவற்றையும் தேடி எடுத்த பிறகே ஏற்ற வேண்டும். மேலே தெரியும் ஆணியைப் பிடுங்கிவிடலாம். உள்ளே புதைந்ததற்குக் கையில் பிடிக்கும் மெட்டல் டிடெக்டர்தான் கதி.

வெட்டிய சில நாளிலேயே பச்சையாக அறுத்துவிடுங்கள், காய்ந்தால் பல்லுக்கு இரட்டிப்பு வேலை. ரீப்பருக்கும் சட்டத்துக்கும் வெளி வளையத்தை மட்டும் எடுங்கள். நடுவைப் பெட்டிப் பலகைக்கு மேல் நம்ப வேண்டாம். அறுத்த அன்றே பூஞ்சணம் பிடிக்க ஆரம்பிக்கும். 100 லிட்டர் தண்ணீரில் போராக்ஸ் 3 கிலோ, போரிக் ஆசிட் 2 கிலோ கரைத்து முக்கி, தார்ப்பாயில் மூடி ஒரு வாரம் வைத்து, பிறகு நிழலில் சந்து விட்டு அடுக்குங்கள். மழையில் நனையும் இடத்துக்கு இது நிற்காது, கரைந்து போய்விடும்.

பல்லடம் வாசகர்: டிராக்டரை எந்தப் பக்கம் நிறுத்துவது?

மேற்குப் பக்கம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக்காற்று தூளைக் கிழக்கே அடித்துக்கொண்டு போகும். கிழக்கே நிறுத்தினால் ரேடியேட்டர் ஒரு மணி நேரத்தில் கம்பளி போர்த்திக்கொள்ளும், என்ஜின் கொதிக்கும். முன்னால் கொசுவலைக் கம்பி கட்டுங்கள். ஆயில் பாத் ஏர் கிளீனரைத் தினமும் திறந்து பாருங்கள். சைலன்சர் பொறி விழும் தூரத்தில் தூள் குவியக் கூடாது. கிழக்குப் பக்கம் தறிக்குடோன் இருந்தால் ஆடி, ஆவணியில் மில்லை ஓட்டாமல் இருப்பதே அக்கம்பக்கத்துக்கு மரியாதை.

வெள்ளகோவில் வாசகி: எங்க வீட்டுக்காரர் வேட்டியோடவே நின்னு அறுக்கறாருங்க. சொன்னாக் கேக்கறதில்லை. நீங்க எழுதினாக் கேப்பாரு.

அம்மணி, கணக்காகவே எழுதிவிடுகிறோம், அவரிடம் காட்டுங்கள். 540 சுற்று என்றால் விநாடிக்கு ஒன்பது. கார்டன் சாஃப்டின் சுற்றளவு 20 சென்டிமீட்டர் என்று வைத்தால் விநாடிக்கு 1.8 மீட்டர் துணியைச் சுருட்டும். நாலு முழ வேட்டி முழுசும் ஒரே விநாடி. மடித்துக் கட்டினாலும் அதே கணக்குத்தான். தோளில் துண்டு, கையில் கிளவுஸ் இரண்டும் கூடாது. இறுக்கமான கால்சட்டை, அரைக்கை பனியன், கண்ணாடி, காதுக்கு அடைப்பு. கார்டன் சாஃப்டுக்குப் பிளாஸ்டிக் உறை, பெல்ட்டுக்கு வலை, ரம்பத்தின் மேலே மூடி, மூன்றும் இல்லாமல் கிளப்பக் கூடாது.

பெரும்பாலான பழைய மில்லில் காணாமல் போயிருப்பது ரம்பத்துக்குப் பின்னால் நிற்கும் பிளவுக் கத்தி. அறுபட்ட வாய் மூடாமல் பிடித்துக்கொள்வது அதன் வேலை. அது இல்லாவிட்டால் பின் பக்கம் மேலேறி வரும் பற்களில் பலகை மாட்டி, அறுப்பவர் நெஞ்சை நோக்கித் திரும்பி வரும். பல் நுனிக்கும் கத்திக்கும் இடையே அரை அங்குலத்துக்கு மேல் விடாதீர்கள். கனம், ரம்பத் தகட்டைவிடக் கூட, வெட்டு வாயைவிடக் குறைய இருக்க வேண்டும்: 3.25 எம்.எம். தகட்டில் 0.5 செட்டு வைத்தால் வாய் 4.25, கத்தி 3.75.

ரம்பத்தின் நேர்கோட்டில் யாரும் நிற்கக் கூடாது. பின்னால் பலகை வாங்குகிறவர் ரம்பத்துக்கு மேலாகக் கை நீட்டக் கூடாது. டிராக்டரின் என்ஜின் நிறுத்தும் கம்பியில் ஒரு கயிறு கட்டி, கப்பி வழியாக அறுப்பவரின் கைக்கெட்டும் இடத்துக்குக் கொண்டு வாருங்கள். இருபது அடி ஓடிப் போய் நிறுத்தும் ஏற்பாடு ஏற்பாடே இல்லை.

பவானி வாசகர்: சொந்த மரத்தை அறுக்க லைசென்ஸ் வேணுமா?

மில்லைக் கிளப்பும் முன் மாவட்ட வன அலுவலகத்தில் ரம்பத்தின் அளவு, இடம், சொந்த உபயோகமா கூலிக்கா என்பதை எழுதிக் கொடுத்து, எழுத்தில் பதில் வாங்கிவிடுங்கள். கோதவர்மன் திருமுல்பாடு வழக்கில் 1996 டிசம்பர் 12-ல் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவிலிருந்தே மர அறுவை மில்களின் மேல் கண்காணிப்பு இறுகியது. 2002-ல் புது மில்களுக்கு முன் அனுமதி கட்டாயம் என்றார்கள். 2016-ல் வந்த மத்திய அரசின் வழிகாட்டு நெறிகள் அந்தப் பொறுப்பை மாநில அளவிலான குழுக்களிடம் கொடுத்தன. பழைய மில்லுக்கு அப்பாரு காலத்து லைசென்ஸ் காகிதம் பெட்டியில் இருந்தால் அதைத் தேடி எடுத்துக்கொண்டு போங்கள். சந்தனம் டிராலியில் ஏறவே கூடாது, உங்கள் வரப்பில் முளைத்ததாக இருந்தாலும்.

சென்னிமலை வாசகர்: பேண்ட் சாவை (பட்டை ரம்பம்) விட இதில் சேதாரம் அதிகம் என்கிறார்களே, எவ்வளவு?

12 அங்குலக் கட்டையில் ஒரு அங்குலப் பலகை எடுத்தால், 4½ எம்.எம். வாய் வெட்டும் வட்ட ரம்பத்தில் பத்துப் பலகை வரும். 2 எம்.எம். வெட்டும் பேண்ட் சாவில் பதினொன்று. பதினொன்றுக்கு ஒன்று போகிறது. தேக்குப் பலகை என்றால் பேண்ட் சாவுக்கே கொண்டு போங்கள். நிலவுக்கு 3 அங்குலச் சட்டம், தூண், வண்டிப் பலகை என்று கனமாக எடுத்தால் மூன்று வெட்டுக்கு மொத்தமே அரை அங்குலம்தான், அதற்கு இந்த மில் நட்டமில்லை.

மரம் வாங்கும்போது போடும் கன அடிக் கணக்கையும் சேர்த்துப் பாருங்கள். நடுச் சுற்றளவு 48 அங்குலம், நீளம் 10 அடி என்றால், கால் சுற்று 12; 12 × 12 × 10 ÷ 144 = 10 கன அடி. உருளைக் கணக்கில் அதே கட்டை 12.7 கன அடி. அந்த 2.7 புறப்பலகைக்கும் தூளுக்கும் முன்கூட்டியே விட்ட கழிவு. பட்டையோடு சுற்றளவு எடுத்தால் விற்கிறவருக்கு லாபம், பட்டையைக் கொத்திவிட்டு டேப் பிடித்தால் உங்களுக்கு. பச்சையாக அறுக்கும் பலகைக்குக் காயும்போது சுருங்குவதற்காக அரை நூல் சேர்த்தே அளவு வையுங்கள்.